அணைத்த பிறகும் எரிந்த பல்பு

கோலாலம்பூர் செந்தூலில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்னறை முழுக்க மாடல் ரயில்தான்: வண்டி ஓடும் மெயின் லைன், வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டு எல்லாம் உண்டு. எச்ஓ அளவு: நிஜ வண்டியில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். போன வாரம் போன் போட்டார். "யார்டுல ஒரு இன்ஜின் தடம் புரண்டா மெயின் லைன் வண்டியும் சேர்ந்து நின்னுடுது தம்பி. பிரேக்கர் போச்சு. வேற வாங்கிடலாம் லா."

இடி இடித்தால் வீட்டில் விழுமே, அந்த ரகம் இல்லை இந்த பிரேக்கர். விழுவதற்கு இதில் எதுவும் கிடையாது. உள்ளங்கை அளவு போர்டு, அவ்வளவுதான். டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் தண்டவாளத்தில் ஏறக்குறைய 15 வோல்ட் ஓடும், ஆனால் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறிக்கொண்டே ஓடும். ஒரு பக்கம் 58 மைக்ரோநொடி நின்றால் அது '1', 100 அல்லது அதற்கு மேல் நின்றால் '0'. இன்ஜினுக்குச் சோறும் உத்தரவும் ஒரே கம்பியில்! தண்டவாளம் முழுவதற்கும் மின்சாரம் அனுப்பும் பூஸ்டர் தருவது 5 ஆம்பியர். மாமாவின் யார்டு பிரேக்கரை 3 ஆம்பியரில் வைத்திருந்தோம். இன்ஜின் தடம் புரண்டு ஷார்ட் ஆனால், பூஸ்டர் விழுவதற்குள் யார்டு மட்டும் அணைய வேண்டும் என்பது கணக்கு.

பிரேக்கர் மேல் பழி போடுவதற்கு முன் வயரைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு ஒரு 50 சென் காசு போதும். யார்டின் கடைசி முனையில், இரண்டு தண்டவாளங்களையும் தொடும்படி காசை வைத்தால் பிரேக்கர் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். 15 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓடுவதற்கு, வழியில் மொத்தத் தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் இணைப்புத் தகடுகள் கறுத்து, தடை 6 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 2.5 ஆம்பியர்தான். பிரேக்கர் பேசாமல் இருக்கும். ஆனால் 37 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். அது கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னின் சூடு. இன்ஜினின் பிளாஸ்டிக் சக்கரச் சட்டம் உருகிவிடும்.

காசை வைத்தேன். பிரேக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தது, கூடவே பூஸ்டரும் விழுந்தது. வயரில் குறை இல்லை. போர்டு ஷார்ட்டைக் கண்டுபிடிக்கிறது. விளக்கைப் போட்டு அறிவிக்கவும் செய்கிறது. மின்சாரத்தை மட்டும் வெட்டவில்லை.

வெட்டுவது மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சின் வேலை. மின்சாரம் இரண்டு திசையிலும் ஓடுவதால் இரண்டு மாஸ்ஃபெட் வேண்டும். காரணம், ஒவ்வொன்றின் உள்ளேயும் இயல்பிலேயே ஒரு டையோடு உண்டு. அணைத்து வைத்தாலும் அது ஒரு திசையில் மின்சாரத்தை விட்டுவிடும். அதனால் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து வைப்பார்கள். ஒன்று விடுவதை மற்றது மறிக்கும். மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் திறந்து போகாது, ஒட்டிப் போகும். ஒன்று ஒட்டிவிட்டால் ஒரு திசைக்குக் காவல் இல்லை.

இதை மீட்டரில் தேடுவதை விட பல்பில் பார்ப்பது சுகம். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி பகுதி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை மனதில் வைத்துச் செய்தது. இவ்வளவு வேகமான அலையில் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. யார்டு வயரைக் கழற்றிவிட்டு, கார் பின்விளக்கின் 12 வோல்ட் 21 வாட் பல்பை மாட்டினேன். பிரகாசமாக எரிந்தது. போர்டில் கையால் அணைக்கும் பொத்தான் உண்டு. அதை அமுக்கியதும் சிவப்பு விளக்கு வந்தது, ஆனால் பல்பு மங்கியதே தவிர அணையவில்லை. அலையில் பாதி கசிந்து வருகிறது!

மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அணைச்சாச்சுன்னு பொய் சொல்லுது பார்."

போர்டைக் கழற்றி ஓமில் வைத்து அளந்தேன். ஒரு மாஸ்ஃபெட் எந்தப் பக்கம் வைத்தாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. ஜாலான் பாசார் கடையில் அதே எண்ணில் இரண்டு வாங்கி, ஜோடியாகவே மாற்றினோம். பல்பு இப்போது சுத்தமாக அணைந்தது. யார்டு வயரை மாட்டி மறுபடி காசை வைத்தோம். யார்டு நின்றது, மெயின் லைன் வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

காசை எடுத்த பிறகும் யார்டு உயிர் பெறவில்லை. பச்சை ஒரு கணம் வரும், உடனே சிவப்பு. "பாத்தியா, மறுபடியும் போச்சு!" என்றார் மாமா. இது வேறு விஷயம். யார்டில் சத்தம் போடும் இன்ஜின்கள் ஏழு நின்றன. மின்சாரம் திரும்பியதும் ஏழின் உள்ளேயும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே நேரத்தில் தாகத்தோடு இழுக்கும். அந்த ஒரு கணத்தில் பிரேக்கருக்கு அதுவும் ஷார்ட்டும் ஒன்றுதான். இன்ஜின்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னேன். மூன்றாவதைத் தூக்கியதும் பச்சை அணையாமல் நிலைத்தது.