மாற்று கூடினாலும் சந்தேகம்தான்

பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமானியப் பேரரசின் பழைய தங்கக் காசு என்று ஒன்று கைக்கு வருகிறது. உரைகல்லில் உரசினால் 22 காரட் காட்டுகிறது. நகைக்கடைக்காரருக்கு இது நல்ல செய்தி. ஆனால் காசில் இருப்பது ஏழாம் மிக்கேல் தூக்காஸின் முகம் என்றால், நாணயவியலாளருக்குச் சந்தேகமே அங்கேதான் தொடங்கும். 1071 முதல் 1078 வரை தலைநகர் கான்ஸ்டாண்டிநோப்பிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆண்ட இந்த மன்னரின் காசில் ஏறத்தாழ 16 காரட் தங்கம்தான் இருக்க வேண்டும். அதைவிட மிக நல்ல தங்கமாக இருந்தால் ஏதோ சரியில்லை.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன், ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 72 காசு என்று அளவு வகுத்தார். காசு ஒன்று சுமார் 4.5 கிராம். தலைநகரில் அடித்த காசுகள் ஏழு நூற்றாண்டுகள் கிட்டத்தட்ட அதே எடையிலும் 24 காரட்டை ஒட்டிய மாற்றிலும், அதாவது தூய்மையிலும், நீடித்தன. 1030களில் நான்காம் மிக்கேல் காலத்தில் கலப்படம் மெல்லத் தொடங்கியது. ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் ஆட்சி முடியும்போது சுமார் 18 காரட். ஏழாம் மிக்கேலிடம் 16. அவருக்குப் பின் 1078இல் வந்த மூன்றாம் நிக்கேஃபோரஸ் காலத்தில் சுமார் 8. கடைசியில் முதலாம் அலெக்ஸியஸ் 1092இல் புதிய காசை இருபதரை காரட்டில் வெளியிட்டுச் சரிவை நிறுத்தினார். ஆக, ஒவ்வொரு மன்னருக்கும் ஒரு மாற்று உண்டு. காசு அவருடைய மாற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

முதலில் காசைப் படிக்க வேண்டும். இந்தக் காசின் பெயர் ஹிஸ்டமெனோன். சுமார் 4.4 கிராம் எடை, மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம், மெல்லிய தகடு, ஆழமில்லாத கிண்ணம் போலக் குழிந்திருக்கும். குவிந்த பக்கத்தில் கிறிஸ்து: தலைக்குப் பின்னால் சிலுவை, ஆசி கூறும் வலக்கை, இடக்கையில் நற்செய்தி நூல். முகத்தின் இருபுறமும் இயேசு, கிறிஸ்து என்ற இரு பெயர்களின் கிரேக்கச் சுருக்கம், பெயருக்கு இரண்டிரண்டு எழுத்தாக. குழிந்த பக்கத்தில் தாடி வைத்த மன்னர், ஒரு கையில் அரசக் கொடியும் மறு கையில் சிலுவை பதித்த கோளமுமாக நேரே நம்மைப் பார்க்கிறார். சுற்றிலும் கிரேக்கத்தில் மிக்கேல் என்ற பெயர், மன்னர் என்ற பட்டம், தூக்காஸ் என்ற குடும்பப் பெயரின் முதலெழுத்து. இந்த முதலெழுத்து முக்கியம். மிக்கேல் என்ற பெயரில் அரியணை ஏறியவர்கள் பலர்.

அடுத்தது அடர்த்தி. ஆர்க்கிமிடீஸ் கதையில் வரும் அதே முறைதான். காசைக் காற்றில் நிறுத்து, பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கி நிறுக்க வேண்டும். காற்றில் உள்ள எடையை, தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 4.4 கிராம் சுத்தத் தங்கம் தண்ணீரில் 0.23 கிராம் இழக்கும். மூன்றில் ஒரு பங்கு வெள்ளி கலந்திருந்தால் 0.29 கிராம் இழக்கும். வித்தியாசம் வெறும் 60 மில்லிகிராம்தான்! காய்கறித் தராசு உதவாது, மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். குழிக்குள் ஒட்டிக்கொள்ளும் ஒரு காற்றுக் குமிழிகூடக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விடுவார்கள்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. 16 காரட் தங்கத்தில் மீதி முழுக்க வெள்ளி என்றால் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 15 மடங்கு. 18 காரட் தங்கத்தில் மீதி முழுக்கச் செம்பு என்றாலும் அதே 15தான். எண் ஒன்றாக இருந்தாலும் நிறம் காட்டிக்கொடுக்கும். வெள்ளி கலந்தால் தங்கம் வெளிறும், செம்பு கலந்தால் சிவக்கும். மிக்கேலின் காசில் கலப்பு பெரும்பாலும் வெள்ளி, அதனால் வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும்.

சரி, எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியை வைத்து நேரடியாகப் பார்த்துவிடலாமே? பார்க்கலாம், ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பிலிருந்து வெள்ளியும் செம்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கும். உள்ளே 16 காரட் இருக்க, கருவி அதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். உரைகல்லுக்கும் இதே குறைதான், போதாததற்கு அது காசையும் தேய்க்கிறது. தயவுசெய்து உரசாதீர்கள்.

மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் சுவடு தனிமங்கள் இன்னொரு தடயம். ஆற்று மணலில் அரித்தெடுத்த தங்கத்தில் சில சமயம் ஆஸ்மியம், இரிடியம் கலந்த நுண்ணிய வெண்துகள்கள் சிக்கியிருக்கும். இன்றைய மின்பகுப்பில் சுத்திகரித்த தங்கத்தில் இவை இருக்காது. ஆனால் கெட்டிக்காரப் போலிக்காரர் உடைந்த பழங்காசுகளை உருக்கிப் புதுக் காசு செய்வார். அப்போது வேதியியல் சோதனை எல்லாம் தேறிவிடும்.

அங்கேதான் பூதக்கண்ணாடி எடுக்க வேண்டும். என் கணக்கில் இயந்திரங்களைவிட இதுவே நம்பகமானது. அசல் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவே உருவம் பதியாத உலோக வில்லையை வைத்துச் சுத்தியலால் அடித்தது. அடி விழுந்ததும் உலோகம் ஓரத்தை நோக்கி நகரும். எழுத்துகளிலிருந்து விளிம்புவரை மெல்லிய கோடுகளாக அந்த ஓட்டம் தெரியும். தகடு மெல்லியது என்பதால் விளிம்பில் கூர்மையான சிறு வெடிப்புகளும் இருக்கும். கிண்ணக் காசுகள் பலவற்றில் அடி இரண்டுமுறை விழுந்து உருவம் இரட்டையாகத் தெரியும். வார்த்தெடுத்த போலியில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், ஊசிமுனைக் குழிகள் இருக்கும், வெடிப்புகள்கூட வழுவழுப்பாக இருக்கும். விளிம்பில் அரம் போட்ட தடம் இருந்தால், வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டை மறைத்திருக்கலாம்.

அசலிலிருந்தே அச்சு எடுத்து, புதிய வில்லையில் அடித்த போலிதான் மிகக் கடினம். அதில் உலோக ஓட்டமும் இருக்கும். இதற்கு ஒரே வழி ஒப்பீடு. அச்சுகள் கையால் செதுக்கியவை, ஒரே அச்சில் பிறந்த காசுகளுக்கு ஒரே முகம் இருப்பது இயல்பு. ஆனால் புழக்கத்தில் விழுந்த கீறல் அந்தந்தக் காசுக்கே உரியது. மன்னரின் கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசுகள் இருந்தால், ஒன்று மற்றொன்றின் நகல், அல்லது இரண்டுமே மூன்றாவது ஒன்றின் நகல். அதனால் வாஷிங்டனில் உள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் அருங்காட்சியகத்தின் பைசாந்தியக் காசுத் தொகுப்பின் படங்களையும், பழைய ஏலப் பட்டியல்களையும் புரட்டுவார்கள். இத்தகைய போலிகள் சந்தைக்கு வருவதற்கு முன்பே எடுத்த படத்தில் அதே கீறலோடு ஒரு காசு இருந்து, விளிம்பின் வெடிப்புகளும் ஒத்துப்போனால், கையில் இருப்பது அந்தக் காசேதான். விளிம்பு வேறாக இருந்தால் இது அதன் நகல்.