புரூட்டலிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

பூச்சு வேலை பாக்கி இருக்கும் வீட்டில், மாடிப்படிக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட்டில் சென்ட்ரிங் பலகையின் அச்சு தெரியும். மரத்தின் ரேகை, கணுவின் சுழி, இரண்டு பலகைகளுக்கு நடுவே பிதுங்கி இறுகிய சிமென்ட் கோடு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் இரண்டு கணுக்கள் கண்ணாகி, ஒரு முகம்கூட வந்துவிடும். எனக்கு இப்படிப் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். இதை நாம் முடியாத வேலை என்போம். இதுதான் முடிந்த வேலை என்ற கட்டடப் பாணிக்குப் பெயர் புரூட்டலிசம்.

பெயரில் 'புரூட்டல்' காதில் விழுவதால், 'முரட்டுக் கட்டடக்கலை' என்று எழுதத் தோன்றும். அது பொருந்தாது. பிரெஞ்சு மொழியில் 'புரூட்' என்றால் பக்குவப்படுத்தாதது. கச்சா எண்ணெய்க்கும் அங்கே இதே சொல்தான். கனமான, மந்தமான என்று பொருள்படும் ஒரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதே வேரின் இன்னொரு கிளைதான் ஆங்கிலத்தில் கொடூரத்தைக் குறிக்கப் போனது.

பூசாத கான்கிரீட்டைக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே 'பெட்டோன் புரூட்' என்றார். பிரான்சின் மார்செய் நகரில் 1952-இல் அவர் முடித்த குடியிருப்பில் 337 வீடுகள். பலகை அச்சையும் பிசிறுகளையும் மறைக்காமல் அப்படியே விட்டார். ஊர்க்காரர்கள் அதைப் 'பைத்தியக்காரன் வீடு' என்றார்கள். பழக்கமில்லாத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கனடாவின் மான்ட்ரியலில் 1967-இல் மோஷே சாஃப்டி என்ற கட்டடக்கலைஞர் 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்பும் தூரத்திலிருந்து குழந்தை கலைத்துப்போட்ட கட்டைகள் மாதிரிதான் இருக்கிறது. கிட்டே போனால், ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டுக்குத் தோட்டம்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'இசம்' சேர்ந்தது சுவீடனில். 1950 வாக்கில் உப்சாலா நகரத்து வீடு ஒன்றின் வரைபடத்தைப் பார்த்த ஹான்ஸ் அஸ்ப்லுண்ட் என்ற கட்டடக்கலைஞர், விளையாட்டாக 'நியூபுரூட்டலிசம்' என்றார். அது இங்கிலாந்துக்குப் போனது. 1953-இல் அலிசன் ஸ்மித்சன் என்ற கட்டடக்கலைஞர் அச்சில் பயன்படுத்தினார். 1955-இல் கட்டடக்கலை விமர்சகர் ரெய்னர் பான்ஹாம் எழுதிய கட்டுரை அதை நிலைநிறுத்தியது.

தமிழுக்கு முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது. அந்த உப்சாலா வீடு கான்கிரீட் வீடே இல்லை, செங்கல் வீடு! ஆகவே, கான்கிரீட்டுக்குத் தமிழில் கற்காரை என்பதை வைத்து 'வெறுங்கற்காரைப் பாணி' என்றால் முதல் வீடே வெளியே நின்றுவிடும். 'கச்சாக் கட்டடக்கலை' பொருளில் நெருங்கிவருகிறது, ஆனால் 'கச்சா' என்றதும் நமக்கு எண்ணெய்தான் நினைவுக்கு வருகிறது. பொருள் எதுவானாலும் அதன் மேல் பூச்சு இல்லை என்பதுதான் இந்தப் பாணி. அதனால் நான் 'பூசாக் கட்டடக்கலை' என்பேன். ஓடாத குதிரை 'ஓடாக் குதிரை' ஆவதுபோல, பூசாத கட்டடம் 'பூசாக் கட்டடம்'.

வண்ணம் அடிப்பதும் பூசுவதுதானே என்று கேட்கலாம். மார்செய் குடியிருப்பின் பால்கனிப் பக்கச்சுவர்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் இருக்கின்றனவே? நம் கொத்தனாரைக் கேளுங்கள். பூச்சு வேலை என்றால் அவர் கலவையைத்தான் நினைப்பார். வண்ணம் அவருக்குப் பெயின்ட் வேலை, அதற்கு வேறு ஆள்.