நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்

"என் மகன் வயதுக்கு மீறிய அறிவாளி, வகுப்பில் அவன் மூளைக்குத் தீனியே இல்லை." பள்ளியில் இப்படிப் பேச்சைத் தொடங்கிய பெற்றோர் பலர் முகம் வாடித்தான் என் ஆலோசனை அறைக்கு வருகிறார்கள். ஆசிரியர் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது. தன் பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லாத பெற்றோரை அவர் பார்த்ததும் இல்லை.

புகழுரையை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளை செய்ததை எடுத்துப் போங்கள் என்பேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளது கணக்கு நோட்டில் ஒரே மாதிரியான கூட்டல் கணக்குகள். முதல் மூன்று சரி, நான்காவது தவறு, மீதி வெற்றிடம். கீழே சிவப்பு மையில் 'கவனம் தேவை'. வீட்டில் கிடந்த தாளிலோ எண்களை வரிசைக்கு ஆறாக அடுக்கி, பகா எண்களுக்கு வட்டம் போட்டிருந்தாள். 2, 3 நீங்கலாக எல்லா வட்டங்களும் முதல் பத்தியிலும் ஐந்தாம் பத்தியிலும் மட்டுமே விழுந்திருந்தன. பக்கத்தில் 'ஏன்?' என்று ஒரு கேள்வி. அம்மா இரண்டையும் ஆசிரியரின் மேசையில் வைத்து, "வகுப்பில் இவள் எப்படி இருக்கிறாள்?" என்று மட்டும் கேட்டார். தாளை வெகுநேரம் பார்த்த ஆசிரியர், "இதை என்னிடம் காட்டவே இல்லையே" என்றார். பேச்சு அங்கேதான் தொடங்கியது.

நுண்ணறிவுச் சோதனை அறிக்கையை நீட்டினால் போதாதா என்று கேட்பார்கள். சராசரியை 100 என்று கொள்ளும் வெக்ஸ்லர் சோதனையில் 130-ஐத் தொடுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர். சரி, ஆனால் நாளைய கணக்கு வகுப்பில் என்ன செய்வது என்பதை அந்த எண் ஆசிரியருக்குச் சொல்லாது. வகுப்புத் தேர்வின் முழு மதிப்பெண்ணும் அப்படித்தான். பிள்ளை எதுவரை போவான் என்பதைக் காட்டாது. அதை அறியத்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி, 1972-இல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினரைக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. கணிதத் தேர்வை எழுத வைத்தார்.

முதல் சந்திப்பிலேயே டபுள் புரமோஷன் கேட்காதீர்கள். ஆசிரியரால் உடனே செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். பாடம் தொடங்கும் முன்பே அதன் இறுதித் தேர்வை எழுதவிட்டு, தெரிந்த பகுதியைத் தாண்டச் செய்து, மிஞ்சும் நேரத்தில் கடினமான வேலை கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி முன்வைத்தது. ஒரே பாடத்தில், ஒரு மாதம் முயன்று பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பத்துக் கணக்குப் போட்டவனுக்கு அதே போல இன்னும் இருபது கொடுப்பது தண்டனை. முடித்துவிட்டான் என்பதற்காகப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார வைப்பதும் அவனுக்கான பாடமாகாது.

பிள்ளையின் குறைகளையும் மறைக்காதீர்கள். பத்து வயதுக்குரிய தர்க்கம், ஏழு வயதுக்குரிய கையெழுத்து, விளையாட்டில் தோற்றால் ஐந்து வயதுக்குரிய அழுகை: மூன்றும் ஒரே பிள்ளையிடம் இருக்கும். வாசிப்புக் குறைபாடும் வயதை மிஞ்சிய அறிவாற்றலான மீத்திறனும் சேர்ந்தே இருந்து, ஒன்றை ஒன்று மறைப்பதும் உண்டு. நீங்களே இதைச் சொன்னால் ஆசிரியர் உங்களை நம்புவார்.

பேசும்போது பிள்ளை பக்கத்தில் வேண்டாம். அடுத்த சந்திப்பின் தேதியைக் குறித்துக்கொண்டே எழுந்திருங்கள். எதுவும் நகரவில்லை என்றால் தலைமையாசிரியரைப் பார்க்கலாம். ஆனால் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டே போங்கள். மறுநாள் காலை அவர் முன் உட்காரப்போவது உங்கள் பிள்ளை.