எலும்புக்காகக் குடைந்த மரம்

1106-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் மதிலை விரிவுபடுத்தத் தோண்டியபோது, புனித உர்சுலா ஆலயத்தின் பக்கத்தில் எலும்புகள் குவியல் குவியலாக வெளிப்பட்டன. ரோமானியர் காலத்து இடுகாடு அது. ஊராரோ, உர்சுலாவோடு ஹூணர்கள் கையில் மறைசாட்சிகளாக, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைக்காக, மாண்ட பதினோராயிரம் கன்னியர் இவர்களே என்று முடிவுகட்டினார்கள். ஆண்களின் எலும்பும் குழந்தைகளின் எலும்பும் கலந்து கிடந்ததுதான் இடித்தது. அதற்கும் ஷோனாவு மடத்துத் துறவி எலிசபெத் தம் காட்சிகளில் விளக்கம் கண்டார். புனிதர்களின் எச்சமாக வணங்கப்படும் இத்தனை திருப்பண்டங்களை எங்கே வைப்பது? மரத்தில் மார்பளவுச் சிலைகள் செய்து உள்ளே வைத்தார்கள். அந்த ஆலயத்தில் 1643-இல் அமைந்த 'தங்க அறை'யில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட சிலைகள் புன்னகைத்தபடி நிற்கின்றன.

சிலவற்றில் உச்சந்தலை மூடிபோலத் திறக்கும். துணியில் சுற்றிய மண்டையோடு அதற்குள் இருக்கும். சிலவற்றின் மார்பில் சிறு சாளரம். ஆக, சிலையைக் குடைந்தது எலும்புக்காக. ஆனால் எலும்பு இல்லாவிட்டாலும் சிற்பி குடைந்திருப்பான் என்பேன். காரணம் மரத்தின் சுபாவம். பச்சை மரத்தில் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் அது சுருங்கத் தொடங்கும். வளர் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. நடுத்தண்டோடு முழுக்கட்டையாக விட்டால் இந்த இழுபறியில் மரம் வெடிக்கும், அதுவும் முகத்திலேயே வெடிக்கலாம். நடுவைக் குடைந்தெடுத்தால் மிஞ்சிய சுவர் மெல்லியது; சீராகக் காயும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். திருப்பண்டத்துக்கு வேண்டிய அறை மரத்துக்கும் வேண்டியிருந்தது.

செதுக்கியதும் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசை பூசி மரத்தின் துளைகளை அடைப்பார்கள். மேலே சுண்ணக்கல் மாவும் பசையும் குழைத்த பூச்சு, பல முறை. காய்ந்ததும் தேய்த்தால் மரத்தின் ரேகைகள் மறைந்துவிடும்.

பொன் பூசும் இடத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு: நைசான செங்களிமண். தங்க ரேக்கின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அடியில் இருக்கும் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் அது அப்படியே காட்டிக்கொடுக்கும். களிமண்ணின் துகள்களோ தட்டையானவை. வழுவழுப்பான கல்லாலோ விலங்கின் பல்லாலோ அழுத்தித் தேய்க்கும்போது அவை படிந்து சமமாகின்றன. கூடவே தங்கமும் கண்ணாடிபோல் பளபளக்கிறது. மெல்லிய ரேக்கின் வழியே தெரியும் செம்மை பொன்னுக்குச் சூடான நிறம் தருகிறது. சிக்கனமும் அழகும் ஒன்றாய் அமைந்த தொழில்நுட்பம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

முகத்துக்கு ஈய வெள்ளையும் சிறிது சாதிலிங்கம் என்னும் சிவப்பு நிறமியும். எண்ணெயில் குழைத்தால் மெதுவாகக் காயும். அதற்குள் கன்னத்தின் சிவப்பை வெளுப்போடு இழைத்துவிடலாம்.

இந்த அடுக்குகளுக்குப் பெரும் பகை, குளிர்காலத்தில் ஆலயத்தைச் சூடாக்கும் வழக்கம். சூடேறிய காற்று வறண்டது. மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், சுண்ணப் பூச்சு சுருங்காது. இடம் போதாமல் பூச்சு ரேகையின் போக்கில் மேடாகக் கிளம்பி உதிர்கிறது. அதனால் பழுதுபார்ப்பவர்கள் தூரிகையை எடுப்பதற்கு முன் அறையின் ஈரப்பதத்தை அளக்கிறார்கள்.