லெந்து: நாற்பது நாளுக்கு ஒரு தமிழ்ச் சொல்

"லெந்து வந்துவிட்டது, இனி வீட்டில் கறி கிடையாது" என்பார் என் பாட்டி. ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் காலம்தான் லெந்து. உதகையில் எங்கள் வீடு தென்னிந்தியத் திருச்சபை வீடு. அடுத்த வீட்டுக் கத்தோலிக்கர்கள் அதே நாட்களைத் தவக்காலம் என்பார்கள். அந்த வீட்டுப் பெரியவர் மட்டும் பழைய வழக்கப்படி தபசு காலம் என்பார். கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளக் கிறிஸ்தவர்கள் வலிய நோம்பு என்கிறார்கள். ஒரே மாவட்டத்தில் ஒரே காலத்துக்கு நான்கு பெயர்கள்.

லெந்து என்பது ஆங்கிலச் சொல்லுக்கு உகரம் சேர்த்து நாம் ஆக்கிக்கொண்ட வடிவம். அதன் வேரில் நோன்பும் இல்லை, சிலுவையும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது வசந்தத்தின் பெயர். பகல் நீளும் பருவம் என்பது பொருள். இங்கிலாந்தில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் பகல் மூன்று மணி நேரம் நீண்டுவிடுகிறது. நீலகிரியிலோ அரை மணி நேரம்தான். புல்மேல் உறைபனி படிவது நின்றதும்தான் பருவம் மாறியதை இங்கே நாம் உணர்கிறோம். இலத்தீன் திருச்சபை வைத்த பெயர் வேறு: குவாத்ராஜெசிமா, அதாவது நாற்பதாவது. இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசமிருந்ததைச் சொல்லும் மத்தேயு 4ஆம் அதிகாரம் இந்தக் காலத்தின் முதல் ஞாயிறுக்குரிய வாசகங்களில் ஒன்று. நாட்காட்டியில் எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறுகள் ஆறும் உயிர்த்தெழுதலின் நாட்கள் என்பதால் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை.

சரியான தமிழ்ச் சொல் எது? நோன்புக்காலம் என்றாலும் பிழையில்லை. ஆனால் என் மனம் தவக்காலத்தையே நாடுகிறது. அதற்குத் திருக்குறள்தான் காரணம்.

"உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை
அற்றே தவத்திற் குரு."

தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தல், பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருத்தல்: தவத்தின் வடிவம் இவ்வளவுதான் என்கிறார் வள்ளுவர். நோன்றல் என்றால் பொறுத்தல். நோன்பு பிறந்ததும் இந்த வேரில்தான். மலையாளத்து நோம்பும் அதுவே. ஆக, நோன்பு தவத்தின் ஒரு பாதி. மறுபாதி அடுத்த உயிரைப் பற்றியது. ஏசாயா 58ஆம் அதிகாரத்தை இந்தக் குறளோடு சேர்த்துப் படித்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது. உபவாசமிருந்துகொண்டே வேலையாட்களை வருத்துகிறவர்களைத் தீர்க்கதரிசி அங்கே கடிந்துகொள்கிறார். கர்த்தர் கேட்கும் உபவாசம் "பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறது" என்கிறார். கறியை விடுவதோடு லெந்து முடிந்துவிடுகிறது என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். தவம் என்ற சொல் அந்த எண்ணத்தைத் திருத்தியது. வடமொழித் தபசோடு தொடர்புடைய சொல்தானே என்று சிலர் தயங்குவதுண்டு. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக வைத்த சொல்லைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

தொடக்க நாளுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. கத்தோலிக்கர்கள் திருநீற்றுப் புதன் என்கிறார்கள், நாங்கள் சாம்பல் புதன் என்கிறோம். நீறு, சாம்பல் இரண்டும் நல்ல தமிழ். சாம்புதல் என்றால் வாடுதல். வாடிய பூவுக்கும் சாம்பல் என்ற பெயர் உண்டு. தென்னை வளராத உதகைக்குக் குருத்தோலை கீழிருந்துதான் மலையேறி வரவேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறன்று பாட்டி அதைச் சிலுவையாக முடைந்து சுவர்ப் படத்தின் பின்னால் செருகிவைப்பார். மஞ்சள் வெளிறி, விளிம்பு சுருண்டு, தொட்டால் நொறுங்கும் பதத்தில் ஒரு வருடம் அது அங்கேயே இருக்கும். மறுவருடம் அப்படிப்பட்ட ஓலைகளை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் இடுவார்கள், "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று சொல்லி.