வானில் தெரிந்த சுருள் யாருடையது?

2025 மார்ச் 24 அன்று இரவு ஐரோப்பாவின் பல நாடுகளில் வானத்தில் ஒரு பெரிய ஒளிச்சுருள் தெரிந்தது. நிலவை விடப் பெரிதாக, மெல்ல நகர்ந்து, சில நிமிடங்களில் கரைந்து போனது. அந்தப் படத்தை அனுப்பி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இது நிஜமா? நிஜம் என்றால், ராக்கெட்தான் என்று அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

நிஜம்தான். அன்று அமெரிக்காவின் கேப் கனாவரலில் இருந்து உலக நேரப்படி 17:48 மணிக்கு ஒரு பால்கன் 9 ராக்கெட் கிளம்பியது. சுருள் தெரிந்தது 20 மணியை ஒட்டி. ராக்கெட்டின் மேலடுக்கு, அதாவது செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டு போகும் மேல் பகுதி, பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஐரோப்பாவுக்கு மேலே வரும் நேரம் அது. இரண்டு நேரங்களும் பொருந்தியதும் பாதி விடை கிடைத்துவிட்டது.

அமெச்சூர் வானியலாளர்களிடம், அதாவது ஆர்வத்துக்காக வானத்தைக் கவனிப்பவர்களிடம், விசித்திரமான ஒளி ஒன்றைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். அது எப்படி இருந்தது என்பதை விட எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எந்தத் திசையில் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்த கேள்வி, எவ்வளவு நேரம் தெரிந்தது? எரிநட்சத்திரம் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் வருவதால் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். காற்றுமண்டலத்துக்குள் திரும்பி விழும் ராக்கெட் பாகத்தின் வேகம் நொடிக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவு. அது துண்டு துண்டாக உடைந்தபடி ஒரு நிமிடம் கூட ஊர்ந்து போகும். வரிசையாகப் போகும் புள்ளிகள் என்றால் பெரும்பாலும் புதிதாக ஏவிய, இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

அப்புறம் பூமியின் நிழல். நமக்கு இருட்டிய பிறகும் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே இருக்கும்போது, தலைக்கு நேர்மேலே நிழல் சுமார் 330 கிலோமீட்டர் உயரம் வரை எட்டும். அந்த நேரத்தில் உச்சி வானில் வெயில் பட்டு மின்னும் எதுவும் அதற்கு மேலேதான் இருந்தாக வேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல், கடிகாரத்தை மட்டும் வைத்து உயரத்துக்கு ஒரு கீழ் எல்லை கிடைத்துவிடுகிறது.

சரி, சுருளுக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். செயற்கைக்கோளை இறக்கிவிட்ட மேலடுக்கில் உந்துபொருள் (ராக்கெட்டைச் செலுத்தும் எரிபொருளும் அதை எரிய வைக்கும் பொருளும்) மிச்சம் இருக்கும். அதை அப்படியே விட்டால் பின்னால் வெடித்துச் சிதற வாய்ப்புண்டு என்பதால் வெளியே விட்டுவிடுவார்கள். அப்போது மேலடுக்கு சுழன்றுகொண்டிருந்தால், சுழன்றபடி நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் போலத்தான் அதுவும். தெளிக்கும் நீரைக் கவனியுங்கள். எந்தத் துளியும் வளைந்து போவதில்லை. ஒவ்வொன்றும் கிளம்பிய திசையில் நேராகத்தான் போகிறது. ஆனால் அடுத்த துளி கிளம்பும்போது குழாயின் வாய் சற்றுத் திரும்பிவிட்டது. நேர்கோட்டில் போகும் துளிகளின் வரிசைதான் நம் கண்ணுக்குச் சுருளாகிறது.

தரையில் அந்த நீர் உடனே கீழே விழுந்துவிடும். விண்வெளியில் தடுக்கக் காற்று இல்லை. ராக்கெட்டும் துகள்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால், சில நிமிடங்களுக்கு ஒன்றை ஒன்று விட்டுக் கீழே போவதும் இல்லை. வெளியே வந்த உந்துபொருள் உறைந்து, நுண்துகள்களாகி, வெயிலை நம் பக்கம் சிதறடித்துக்கொண்டு விரிந்துகொண்டே போகிறது. கணக்குக்காக, வேகம் நொடிக்கு 500 மீட்டர், ஒரு சுழற்சிக்கு 30 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருளின் இரு வளையங்களுக்கு இடையே 15 கிலோமீட்டர் இருக்கும். ஐந்து நிமிடத்தில் அதன் ஆரம் 150 கிலோமீட்டர் ஆகிவிடும். ஒரு பேருந்து அளவுள்ள பொருள் வானத்தில் நிலவை விடப் பெரிதாகத் தெரிவது இப்படித்தான்.

இதைத் திருப்பிப் போட்டும் படிக்கலாம். சுருளுக்கு இரண்டு கைகள் இருந்தால் துகள்கள் இரண்டு இடங்களிலிருந்து வெளியேறியிருக்கின்றன. சுருள் நசுங்கிய வட்டமாகத் தெரிந்தால் நாம் அதைச் சாய்வாகப் பார்க்கிறோம், அந்தச் சாய்விலிருந்து சுழல் அச்சின் திசையும் கிடைக்கும். பின்னணியில் விண்மீன்கள் தெரியும் ஒரு நல்ல புகைப்படம் போதும்.

2009 டிசம்பர் 9 அன்று வடக்கு நார்வேயில் இதே போன்ற சுருள் தெரிந்தபோது வேற்றுக்கிரகவாசிகள் வரை பேச்சு போனது. வெள்ளைக் கடலில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து ஏவிய ரஷ்யாவின் புலாவா ஏவுகணை அது. மூன்றாம் அடுக்கு பழுதாகிச் சுழன்றிருக்கிறது. பார்த்துப் பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தாங்கள் கண்டதை உள்ளபடியே சொன்னார்கள். நேரத்தைக் கூடக் கேட்காமல் அதற்கு ஒரு மர்மக் கதையை ஒட்டுபவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

பூமியை விட்டுத் தொலைவில் போய்விட்ட பொருள்கள் என்றால் வேலை இன்னும் கடினம். 2025 ஜனவரி 2 அன்று 2018 சிஎன்41 என்று ஒரு புதிய சிறுகோளை அறிவித்தார்கள். ஒரு நாளுக்குள் அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அது 2018 பிப்ரவரியில் ஒரு ராக்கெட்டின் சோதனைப் பயணத்தில் விண்வெளிக்கு அனுப்பிய டெஸ்லா கார். பாதையைப் பார்த்துச் சந்தேகப்பட்டது துருக்கியில் இருக்கும் ஓர் அமெச்சூர். பூமிக்கு ஆபத்தான சிறுகோள்களைத் தேடும் தொலைநோக்கிகளின் நேரம் இதில் வீணாகக் கூடாது. தொலைதூரம் அனுப்பும் ஒவ்வொரு பொருளின் பாதையையும், அனுப்பியவர்கள் பொதுவில் வெளியிட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

பாதை மட்டும் போதாதபோது நிறம் உதவுகிறது. 2002 செப்டம்பரில் ஓர் அமெச்சூர் கண்டுபிடித்த பொருளுக்கு ஜே002இ3 என்று பெயர். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் அது என்னவென்று தெரியவில்லை. அதிலிருந்து வந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளைப் பெயின்ட் தெரிந்தது. 1969இல் அப்பல்லோ 12ஐ நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கில் பூசிய பெயின்ட் அது.