கொமென்ட் எழுதாமல் வாசித்துக்கொண்டிருந்த பெண்

அவர் உளவளத்துணை (கவுன்சிலிங்) தேடி என்னிடம் வந்தது ஒரு ஆவணி மாதத்தில். வரவேண்டும் என்று நினைத்தது தையில். இடைப்பட்ட ஏழு மாதத்தில் கணவரிடம் இரண்டு தடவை காது அடைத்துப்போகும் அளவுக்கு அடி வாங்கியிருந்தார். ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போனைத் திறந்து காட்டினார்.

ஊர் ஆட்கள் சேர்ந்திருக்கும் ஒரு முகநூல் குழு. யாரோ ஒரு பெண் பெயர் சொல்லாமல், "அடிக்கிற மனுசனோட எப்பிடி வாழுறது, ஆரிட்டப் போய்ச் சொல்லுறது" என்று கேட்டிருந்தார். கீழே இருநூறுக்கு மேல் கொமென்ட். முதல் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதியிருந்தார்கள். பிறகு ஒருவர் "பெண்ணியம்" என்ற சொல்லைப் போட, அங்கிருந்து கடைசி வரை அந்தச் சொல்லை வைத்துத்தான் சண்டை. கேள்வி கேட்டவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மிஸ், நான் அதுக்குள்ள ஒண்டும் எழுதேல்லை. ஆனா எல்லாத்தையும் வாசிச்சனான்" என்றார்.

அவரை நிறுத்தியது ஒரு வரி. "பெண்ணியம் கதைக்கிற ஆக்களிட்டப் போனா டிவோர்ஸ் எடுத்துக் குடுத்திட்டுத்தான் விடுவினம்." எழுதியவர் கணவரின் அண்ணன், வெளிநாட்டில் இருப்பவர். அந்த வரிக்கு லைக் போட்டவர்களில் கடைக்காரர் இருந்தார், பிள்ளையின் ரியூசன் சேர் இருந்தார், மாதர் சங்கத்தில் இவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரும் இருந்தார். அடி நிற்கவேண்டும் என்பதுதான் இவருக்கு வேண்டியிருந்தது, டிவோர்ஸ் இல்லை. அதனால் வரவில்லை.

அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். வன்னியில் உளவளத்துணையாளராக வேலை செய்யத் தொடங்கி இது பதின்மூன்றாவது வருடம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும்தான் என் நாட்கள் அதிகம் கழிகின்றன. முகநூல் விவாதங்களைப் பற்றி எழுதவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் அண்மைக்காலமாக என் முன்னால் உட்காருகிறவர்களில் பலர் அந்த விவாதங்களைக் கையோடு கொண்டுவருகிறார்கள். எழுதினவர்கள் வருகிறார்கள், திட்டு வாங்கினவர்கள் வருகிறார்கள், ஒன்றும் எழுதாமல் இரவு முழுக்க வாசித்தவர்களும் வருகிறார்கள்.

எழுதினவர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பது வயதை ஒட்டிய தம்பி. நித்திரை இல்லை என்று வந்தார். விசாரித்தால், இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை போனில் பெண்ணியவாதிகளோடு சண்டை. அவர் எழுதியவற்றில் சிலவற்றைக் காட்டச் சொன்னேன். வாசிக்கக் கூசும் சொற்கள் இருந்தன. அவருக்கும் என் முன்னால் அதைக் காட்டக் கூச்சமாக இருந்தது.

போர் முடிந்த 2009இல் தகப்பனைப் பறிகொடுத்தவர். பதினாலு பதினைந்து வயதிலிருந்து மேசன் வேலைக்குக் கையாளாகப் போய் மூன்று சகோதரிகளைப் பார்த்தவர். "நான் ஆரையக்கா அடக்கி வச்சனான்? விடிஞ்சா வேலை, இருட்டினா வீடு. ஆணாதிக்கவாதி எண்டு ஒருத்தி எழுதுறா. அவவுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார். கண் கலங்கித்தான் கேட்டார். ஆணாதிக்கம் என்ற சொல்லை அவர் தன் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஏச்சாகவே எடுத்திருந்தார். அப்படி எடுத்ததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் எழுதியவரும் ஏச்சாகத்தான் பாவித்திருந்தார்.

நான் அவரிடம் பெண்ணியம் பற்றி ஒன்றும் பேசவில்லை. இருக்கிற காணி யார் பேரில் என்று கேட்டேன். தன் பேரில் என்றார். எப்படி வந்தது? அப்பாவின் பெர்மிட். அப்பாவுக்குப் பிறகு அம்மா அதில் இருந்தார், அம்மா போனபின் தனக்கு வந்தது. மூத்தது யார்? அக்கா.

வன்னியில் பெரும்பாலான குடியேற்றத் திட்டக் காணிகள் அரச காணிகள்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான் கையில் இருக்கும். அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளர் (தனக்குப் பின் காணியைப் பெறுகிறவர்) என்று யாரையும் குறிக்காமல் இறந்தால், வாழ்க்கைத் துணைக்குப் பிறகு காணி யாருக்கு என்பதற்கு அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஒரு வரிசை இருந்தது. அதில் மகன் முன்னால், மகள் பின்னால். மகள் மூத்தவளாக இருந்தாலும், காடு வெட்டிக் கிணறு கட்டினதில் அவள் கை பட்டிருந்தாலும் வரிசை அதுதான். 2022இல் வந்த திருத்தத்தில்தான் ஆணுக்குக் கொடுத்த அந்த முன்னுரிமை எடுபட்டது. எண்பத்தேழு வருடம் அது இருந்திருக்கிறது.

அந்தத் தம்பி அக்காவிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அவர் கேட்கவே இல்லை, காணி தானாக வந்தது. "இந்தத் தானாக வருகிறதுக்குத்தான் தம்பி ஆணாதிக்கம் என்று பெயர்" என்று சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அக்கா என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பா?" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். முகநூலில் அது வந்திருக்காது. அங்கே அவருடைய கூட்டாளிகள், மச்சான்மார், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் "நான் பிழையாக விளங்கிவிட்டேன்" என்று எழுத எவருக்குத்தான் மனம் வரும்? இதே ஆளோடு இன்பொக்ஸில் கதைத்தால் பாதி வழி இறங்கி வருவார் என்பது என் அனுபவம். ஒருவருடைய மனதை மாற்றவேண்டும் என்று உண்மையாகவே விரும்பினால், ஊர் பார்க்க அவரோடு வாதாடுவதை விட்டுவிடுங்கள்.

காணியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடக்குத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி, திருமணமான பெண் தன் பேரில் உள்ள காணியை, அது சீதனமாக வந்ததோ தானே உழைத்து வாங்கியதோ, விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. கணவர் தன் காணியை விற்க மனைவியிடம் அப்படிக் கேட்கத் தேவையில்லை. கணவர் விட்டுப்போயிருந்தால், எங்கே என்று தெரியாவிட்டால், காரணமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வழி உண்டு. 2009க்குப் பிறகு கணவர் எங்கே என்று தெரியாத எத்தனை பெண்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்களில் பலருக்கு அந்த வழி இருப்பதே தெரியாது. பெண்ணியம் தேவையா இல்லையா என்று ஆயிரம் கொமென்ட் ஓடுகிற இடத்தில் இந்த ஒரு தகவலை யாராவது எழுதியிருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கும் என்று நினைத்து நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

"இது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, எங்கட பண்பாட்டுக்குச் சரிவராது" என்ற வாதம் எல்லா விவாதத்திலும் வரும். வரலாறு அவ்வளவு நேராக இல்லை. இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1927இல் இங்கேயே ஒரு சங்கம் அமைந்தது. பிரித்தானியாவில் ஆணுக்குச் சமமான வயதில் பெண்களுக்கு வாக்கு 1928இல் கிடைத்தது, இங்கே 1931இல். மூன்று வருட இடைவெளிதான். அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கிலிருந்து அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குத் தெரிவானார். அந்த வாக்குரிமையை எதிர்த்தவர்களில் சேர் பொன். இராமநாதனும் ஒருவர். அதே இராமநாதன்தான் 1913இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி கட்டியவர். பெண் படிக்கவேண்டும் என்று பாடுபட்ட ஒருவருக்கே பெண் வாக்களிப்பது சரியாகப் படவில்லை. இன்று நமக்கு எதிரே எழுதுகிறவரும் அப்படி ஒரு பாதியில் நிற்கிறவராக இருக்கலாம். மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, மருமகள் வேலைக்குப் போவதை விரும்பாத அப்பாமார் எத்தனை பேரை எனக்குத் தெரியும்!

இங்கேயே பார்ப்போம். 2017 ஜனவரி கடைசியில் முல்லைத்தீவு கேப்பாப்பிலவில் விமானப்படை பிடித்துவைத்திருந்த காணியின் வாசலில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். அடுத்த மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வெயில், மழை, விசாரணை எல்லாவற்றையும் தாங்கினார்கள். பெண்ணியம் என்ற சொல்லை அவர்களில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆயுதப் போராட்ட காலத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். "எங்கட பெட்டையள் ஆயுதம் தூக்கினவை, எங்களுக்கு ஆரும் சமத்துவம் படிப்பிக்கத் தேவையில்லை" என்று ஒரு பக்கம் எழுதும். "அது சமத்துவமே இல்லை" என்று மறுபக்கம் எழுதும். அந்தப் பெண்களில் சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். போராளியாக இருந்தபோது வெட்டிய தலைமுடி வளரும் வரை வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்த ஒருவர், முந்திய வாழ்க்கை தெரியவந்ததால் கலியாணம் குழம்பிப்போன ஒருவர், வாகனம் ஓட்டத் தெரிந்தும் ஊர் கதைக்கும் என்று பதினைந்து வருடமாக ஓட்டாத ஒருவர். இரண்டு பக்கத்தாரும் இவர்களை உதாரணமாகக் காட்டுகிறார்கள். இவர்கள் வாயைத் திறந்தால் மட்டும் "பழசைக் கிளறாதே" என்கிறார்கள். எனக்கு இதில் பெரிய கோபம் உண்டு, மறைக்கவில்லை.

வாதம் எந்த இடத்தில் வதையாகிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். கருத்துக்குப் பதில் இல்லாதபோது ஆள் ப்ரொபைல் படத்துக்குப் போவார். உடுப்பு, உடம்பு, "உன்ர புருசன் எங்க?" கணவரை இழந்த பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு அதற்கு நாற்பது சிரிப்புப் போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்று 2016இல் சட்டம் வந்து, 2018 தேர்தலில் நடைமுறையானபோது, முதன்முதலாக முன்வந்த பெண்கள் பலருக்கு இதுதான் வரவேற்பாக இருந்தது.

அப்படி நடந்தால் உடனே பதில் எழுதவேண்டாம், உடனே பிளொக் பண்ணவும் வேண்டாம். முதலில் ஸ்கிரீன் ஷொட் எடுங்கள். திகதியும் எழுதியவரின் கணக்குப் பெயரும் தெரியவேண்டும், அந்தக் கணக்கின் லிங்கையும் எடுத்து வையுங்கள். பேக் ஐடிக்காரர்கள் பெயரை மாற்றுவார்கள், லிங்க் பெரும்பாலும் பிடித்துக் கொடுக்கும். நம்பிக்கையான ஒருவருக்கு அதை அனுப்பி வைத்தபின் பிளொக் பண்ணலாம். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டிலிருந்தே குற்றம், வார்த்தையால் செய்தாலும் குற்றம்தான். 2024இல் வந்த நிகழ்நிலை (ஒன்லைன்) காப்புச் சட்டத்திலும், ஒருவருடைய தனிப்பட்ட விபரங்களை வெளியிட்டுத் துன்புறுத்துவது குற்றம். கருத்துச் சுதந்திரத்துக்கு அந்தச் சட்டத்தால் ஆபத்து வரும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் படத்தை வெட்டி ஒட்டிப் பரப்புகிறவனிடமிருந்து தப்ப வழி தேடுகிற பிள்ளையிடம் அந்த விவாதத்தை நான் தொடங்குவதில்லை. பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகப் பயமென்றால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள், கூட வருவார். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம்.

சரி, ஆவணியில் வந்த அந்தப் பெண்ணிடம் வருகிறேன்.

அவருக்கு நான் சொன்னது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றி. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடிக்கக்கூடாது, பயமுறுத்தக்கூடாது என்று நீதிமன்றம் கணவருக்குக் கட்டளையிடும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதம் வரை அது செல்லும். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளையும் உண்டு. இதைக் கேட்பதால் திருமணம் முறியாது, விவாகரத்து வழக்கு முற்றிலும் வேறு. இந்தச் சட்டத்தின் கீழ், கணவர் அந்தக் கட்டளையை மீறினால்தான் அவர் மீது குற்றம் வரும்.

"டிவோர்ஸ் இல்லையோ?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று இரண்டு தடவையும் சொன்னேன். பிறகு அவரே, "மிஸ், இதை அந்தப் போஸ்டுக்குக் கீழ எழுதி விடுங்கோவன். கேட்ட பிள்ளை இன்னும் பாத்துக்கொண்டிருக்கும்" என்றார்.

அன்றிரவு எழுதினேன். எவருடைய கருத்துக்கும் பதிலாக எழுதவில்லை. சட்டத்தின் பெயர், எங்கே போவது, 1938. நாலு வரி. ஏழு மாதப் பழைய பதிவு, ஆனாலும் ஒருவர் வந்து "அடுத்த பெண்ணியவாதி வந்திட்டா" என்று எழுதினார். விட்டுவிட்டேன். இரண்டு லைக் விழுந்தது.

ஒரு கிழமைக்குள் இன்பொக்ஸில் மூன்று பெண்கள் வந்தார்கள். மூவருமே அந்தப் பதிவில் ஒரு எழுத்தும் எழுதாதவர்கள். ஒருவர் விடிய நாலு மணிக்கு அனுப்பியிருந்தார். "மிஸ், அந்த ஓடர் எடுத்தா அவர் வீட்டை விட்டுப் போகவேணுமோ, நான் போகவேணுமோ?"

நீங்கள் போகத் தேவையில்லை, அவர் வீட்டுக்குள் வரலாமா என்பதை உங்கள் நிலைமையைப் பார்த்து நீதவான் தீர்மானிப்பார் என்று பதில் எழுதினேன். வியாழக்கிழமை காலையில் நான் அலுவலகத்தில் இருப்பேன் என்றும் எழுதினேன்.